கோழி அடையும் நேரத்தில் நீங்கள் ஆபீஸிலா? தானாக மூடும் கூண்டுக் கதவை வீட்டிலேயே செய்வது எப்படி?

கொல்லைப்புறத்தில் நாலு நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரிய வேலை ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்கள். தீவனமும் தண்ணீரும் காலையிலேயே வைத்துவிடலாம். முட்டையை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கூண்டைச் சுத்தம் செய்வதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடலாம். தள்ளிப்போட முடியாத வேலை ஒன்றே ஒன்றுதான்: இருட்டும்போது கூண்டுக் கதவை மூடுவது.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அதைப் பாட்டியோ அம்மாவோ பார்த்துக்கொள்வார்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், மாலை 6.30 மணிக்கு ஒருவர் டிராஃபிக்கில் இருப்பார்; இன்னொருவர் மீட்டிங்கில் இருப்பார். ஒரே ஒரு நாள் கதவு திறந்து கிடந்தால் போதும். உள்ளே புகுந்த நாயோ மரநாயோ ஒரு கோழியோடு நிறுத்திக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. தப்பிக்க இடமில்லாத கூண்டுக்குள் கோழிகள் படபடக்கப் படபடக்க, ஒன்றன்பின் ஒன்றாகக் கடித்துப் போட்டுவிடும்.

இந்த ஒரு வேலையை மோட்டாரிடம் ஒப்படைக்க முடியுமா? முடியும். கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வமும் இரண்டு வார இறுதியும் இருந்தால், சில ஆயிரம் ரூபாய் உதிரி பாகங்களில் வீட்டிலேயே செய்துவிடலாம். கதவை ஓட வைப்பது சுலபம். அது ஒரு நாள் ஓடாமல் போனால் என்ன நடக்கும் என்பதை முதலிலேயே யோசித்து வைப்பதுதான் நிஜமான வேலை.

அடைவது வேறு, அடைப்பது வேறு

கோழிகளைக் கூண்டுக்குள் விரட்ட மெஷின் தேவையில்லை. அது தானாகவே நடக்கும். கோழியின் கண் பகல் வெளிச்சத்துக்கானது. மனிதனுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கூட அதற்குத் தெரியும். ஆனால் மங்கிய வெளிச்சத்தில் அதன் பார்வை மிக மோசம். அதனால் இருட்டுவதற்குள் பத்திரமான, உயரமான இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அதன் ரத்தத்தில் ஊறிய பழக்கம். வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியும் இரவில் மரக்கிளையில்தான் தங்கும். நாட்டுக்கோழி முருங்கை மரத்தில் ஏறி அடைவதும் அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான்.

தமிழில் இதற்கு அழகான இரண்டு சொற்கள் இருக்கின்றன. கோழி ‘அடைகிறது’, நாம் ‘அடைக்கிறோம்’. அடைவது கோழியின் வேலை, அடைப்பது நம் வேலை. பஞ்சாரத்தைக் கவிழ்த்த காலத்திலிருந்து இப்படித்தான். தானியங்கிக் கதவு எடுத்துக்கொள்வது இந்த இரண்டாவது வேலையை மட்டும்தான். எல்லாக் கோழியும் உள்ளே வந்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி டிசைன் முடிந்த மாதிரி.

யாரைத் தடுக்கும், யாரைத் தடுக்காது?

நம்மூரில் இரவில் கோழிக்கூண்டைத் தேடி வருபவர்கள் பலர். மரநாய், காட்டுப்பூனை, தெருநாய், கிராமப்புறங்களில் நரி, முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும் பாம்பு, பெருச்சாளி. இவர்களில் பெரியவர்களைக் கதவு தடுக்கும். பாம்புக்கும் பெருச்சாளிக்கும் கதவைவிடக் கூண்டின் ஓட்டைதான் வழி.

கீரி பகலில் இரை தேடும் பிராணி. பருந்தும் காகமும் அப்படியே. இவை வரும் நேரத்தில் கதவு திறந்துதான் இருக்கும். எனவே கீரித் தொல்லை உள்ள இடத்தில் தானியங்கிக் கதவு மட்டும் போதாது. பகலிலும் கோழிகள் உலாவ வலை அடித்த இடம் வேண்டும்.

அந்த வலையிலும் ஒரு விஷயம் உண்டு. கடையில் ‘கோழி வலை’ என்று கேட்டால் தரும் அறுகோண ஓட்டை வலை, கோழியை உள்ளே வைத்திருக்கத்தான் உதவும். நாய் பல்லால் இழுத்தால் கிழியும். கூண்டுக்கு அரை அங்குல ஓட்டை உள்ள வெல்டட் மெஷ் போடுவது நல்லது. பலவீனமான கூண்டுக்கு ஸ்மார்ட் கதவு போடுவது, ஓலைக் குடிசைக்கு டிஜிட்டல் பூட்டு போடுகிற கதைதான்.

பொறி வைப்பது, விஷம் வைப்பது, வலையில் கரன்ட் கொடுப்பது ஆகிய மூன்றையும் மறந்துவிடுங்கள். மரநாய், காட்டுப்பூனை, கீரி, நரி ஆகியவை 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது சட்டவிரோதம் மட்டுமல்ல, மனித உயிரையே வாங்கிவிடும். கதவை நேரத்துக்கு மூடுவதுதான் யாருக்கும் சேதமில்லாத வழி.

முதலில் கதவு

வீட்டில் செய்வதற்குச் சுலபமானது மேலும் கீழும் சறுக்கும் கதவு. நாட்டுக்கோழிக்கு 30 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம் உள்ள வழி தாராளம். பெரிய சேவல் இருந்தால் இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளலாம்.

கதவுக்கு 2 மி.மீ. அலுமினியத் தகடு பொருத்தமானது. 30-க்கு 30 செ.மீ. துண்டு கிட்டத்தட்ட அரை கிலோ எடை வரும். அதே அளவு இரும்புத் தகடு 1.4 கிலோவைத் தொடும். அது தவறுதலாகக் கோழியின் கழுத்தில் இறங்கினால் ஆபத்து. பிளைவுட் மழைக்காலத்தில் ஊதி, சட்டத்தில் இறுகிக்கொள்ளும். அரை கிலோ அலுமினியம் தன் எடையிலேயே இறங்கும். கோழி மேல் பட்டாலும் நசுக்காது.

இரண்டு பக்கமும் கதவு சறுக்க ‘யு’ வடிவ அலுமினிய சேனல் வேண்டும். ஜன்னல் வேலை செய்யும் ஃபேப்ரிகேஷன் கடைகளில் வெட்டு மிச்சமாகவே கிடைக்கும். கவனிக்க வேண்டியவை மூன்று:

• சேனல் தளர்வாக இருக்கட்டும். கதவுக்கு இரண்டு பக்கமும் சில மில்லி மீட்டர் ஆட்டம் இருந்தால்தான் தூசி படிந்தாலும் சிக்காது.

• சேனலின் அடிப்பகுதியை மூடாதீர்கள். உமியும் எச்சமும் கீழே கொட்டிவிட வேண்டும். அடைத்து வைத்தால் ஒரே வாரத்தில் கதவு முழுதாக மூடாமல் ஒரு விரல் இடைவெளியில் நிற்கும். அந்த இடைவெளியில் நகத்தை நுழைத்தால் கதவைத் தூக்கிவிடலாம்.

• கதவின் கீழ் விளிம்பு, வெளிப்பக்கமாக அடித்த ஒரு பலகைக்குப் பின்னால் 2 அல்லது 3 செ.மீ. இறங்கி நிற்க வேண்டும். வெளியிலிருந்து எந்தப் பிராணிக்கும் பிடி கிடைக்காது.

தூக்குவது யார்?

அரை கிலோவைத் தூக்கப் பெரிய மோட்டார் வேண்டாம். 12 வோல்ட் டி.சி. கியர் மோட்டார், நிமிடத்துக்கு 10 சுற்று வேகம் போதும். அதன் தண்டில் 3 செ.மீ. விட்டமுள்ள ஒரு கப்பியைப் பொருத்தி நைலான் கயிற்றைச் சுற்றினால், ஒரு சுற்றுக்கு சுமார் 9 செ.மீ. கயிறு ஏறும். 35 செ.மீ. தூக்க நாலு சுற்றுக்கும் குறைவு. அதாவது 20 விநாடி சொச்சம். நிதானமான வேகம், கோழி மிரளாது, விலகிக்கொள்ளவும் நேரம் இருக்கும்.

மோட்டார் வாங்கும்போது ‘வோர்ம் கியர்’ உள்ளதா என்று கேளுங்கள். கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாரில் இருப்பது இந்த வகைதான். மோட்டார் சுற்றினால் தண்டு சுற்றும். தண்டைப் பிடித்து இழுத்தால் மோட்டார் சுற்றாது. அதனால் கரன்ட் போனாலும் தூக்கிய கதவு பாதியில் சரிந்து விழாது.

கதவு மேலே வந்துவிட்டது, கீழே போய்விட்டது என்பதை மோட்டாருக்குச் சொல்ல இரண்டு சுவிட்ச் வேண்டும். சாதாரண மைக்ரோ சுவிட்சில் தூசியும் எறும்பும் புகும். ரீட் சுவிட்ச் நல்லது. கண்ணாடிக் குழாய்க்குள் மூடப்பட்ட இந்த சுவிட்ச், பக்கத்தில் காந்தம் வந்தால் வேலை செய்யும். கதவில் ஒரு சின்னக் காந்தம், சட்டத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சுவிட்ச். அவ்வளவுதான்.

கயிற்றில் தொங்கும் கதவு என்பதால் ஒரு விசித்திரமான ஆபத்து உண்டு. இறங்கும்போது கதவு எங்காவது சிக்கிக்கொண்டால், கீழ் சுவிட்ச் வேலை செய்யாது. மோட்டார் கயிற்றை விட்டுக்கொண்டே இருக்கும். கயிறு முழுக்கத் தீர்ந்ததும் கப்பி அதே திசையில் சுற்றி, கயிற்றை எதிர்ப்பக்கமாக மறுபடி சுருட்டும். விளைவு, மூட வேண்டிய மோட்டாரே கதவைத் திறக்கும்! இதைத் தடுக்க ஒரே ஒரு வரி கோடு போதும்: 35 விநாடிக்கு மேல் ஓடினால் மோட்டாரை நிறுத்து, அலாரம் அடி.

வெளிச்சமா, கடிகாரமா?

இனி கதவின் மூளை. ஆர்டுயினோ ஊனோ போன்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு போதும். அதன் பின்னிலிருந்து நேரடியாக மோட்டாரை ஓட்டக் கூடாது. ஒரு பின் தாங்கும் அதிகபட்ச மின்னோட்டமே 40 மில்லி ஆம்பியர்தான். நடுவில் ஒரு மோட்டார் டிரைவர் மாட்யூல் வேண்டும்.

எப்போது மூட வேண்டும் என்பதை போர்டுக்கு யார் சொல்வது? இரண்டு வழி.

முதல் வழி, வெளிச்சம். எல்.டி.ஆர். என்ற சின்ன சென்சார், வெளிச்சம் கூடினால் மின்தடையைக் குறைத்துக்கொள்ளும்; இருட்டினால் கூட்டிக்கொள்ளும். ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு சேர்த்து இணைத்தால், வெளிச்சத்தின் அளவை போர்டு 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகப் படிக்கும்.

இரண்டாவது வழி, கடிகாரம். டி.எஸ். 3231 என்ற ஆர்.டி.சி. மாட்யூல் பட்டன் செல்லில் ஓடும். வருடத்துக்கு ஒரு நிமிடம் அளவுக்குத்தான் நேரம் பிசகும்.

வெளிநாட்டு யூடியூப் வீடியோக்களைப் பார்த்துச் செய்பவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். லண்டனில் டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்; ஜூனில் இரவு 9.20 வரை மறையாது. அங்கே நிலையான நேரம் வைத்தால் வேலைக்கு ஆகாது. சென்னையில் சூரியன் மறைவது நவம்பர் கடைசியில் சுமார் 5.40 மணிக்கு, ஜூலையில் சுமார் 6.40 மணிக்கு. ஒரு மணி நேர வித்தியாசம்தான். கோவை போன்ற மேற்கு மாவட்டங்களில் பத்துப் பதினைந்து நிமிடம் தாமதம். தவிர, நம்மூரில் அந்தி நேரம் குறுகியது. சூரியன் மறைந்து 20, 25 நிமிடத்தில் நன்றாக இருட்டிவிடும்.

அப்படியானால் கடிகாரம் மட்டும் போதுமே? போதும்போலத் தோன்றும். ஆனால் ஜூலைக்கு ஏற்ப 7.05 என்று வைத்தால், நவம்பரில் நன்றாக இருட்டிய பிறகும் ஒரு மணி நேரம் கதவு திறந்து கிடக்கும். வெளிச்சம் மட்டும் போதுமா என்றால், அதிலும் பிரச்சினை. ஐப்பசி மழைக்கு மத்தியானம் 3 மணிக்கே வானம் கறுக்கும். கோழிகள் வெளியே இருக்கும்போதே கதவு மூடிவிடும். தீபாவளி ராத்திரி பக்கத்து வீட்டில் புஸ்வாணம் விட்டால் விடிந்துவிட்டது என்று திறந்துவிடும்.

தீர்வு, இரண்டையும் சேர்ப்பது. வெளிச்சம் முடிவெடுக்கட்டும், கடிகாரம் அதற்கு எல்லை போடட்டும்.

கோடின் நான்கு விதிகள்

சென்னை நேரத்துக்கு இப்படி வைக்கலாம்:

1. மாலை 5.30 மணிக்கு முன் எவ்வளவு இருட்டினாலும் மூடாதே.

2. 5.30-க்குப் பிறகு வெளிச்சம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போய், தொடர்ந்து 10 நிமிடம் அப்படியே இருந்தால் மூடு.

3. 7.15 ஆகியும் மூடாமல் இருந்தால், வெளிச்சம் இருந்தாலும் மூடு. பின்வாசல் பல்பு எரிவதால் சென்சார் ஏமாந்திருக்கலாம். மேற்கு மாவட்டங்களில் இதை 7.30 என்று வைக்கலாம்.

4. மூடிய பிறகு காலை 7 மணி வரை எந்த வெளிச்சத்துக்கும் திறக்காதே.

காலையில் ஏன் 7 மணி? சென்னையில் வருடத்தின் எந்த நாளிலும் அதற்குள் சூரியன் உதித்துவிடும். விடியற்காலை என்பது நாயும் நரியும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் நேரம். கொஞ்சம் தாமதமாகத் திறப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. காலையில் முட்டையிடும் கோழிகள், புதரைத் தேடிப் போகாமல் கூண்டிலேயே இட்டுவிட்டு வெளியே வரும்.

இரண்டாவது விதியில் ‘குறிப்பிட்ட அளவு’ என்பது எந்த எண்? அதை இன்டர்நெட்டில் தேடாதீர்கள். சென்சார் வைக்கும் இடத்துக்கு இடம் அது மாறும். நாலைந்து நாள் மாலையில் கூண்டுப் பக்கம் உட்கார்ந்து, கடைசிக் கோழி உள்ளே போகும்போது சென்சார் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட இன்னும் கொஞ்சம் இருட்டான எண்ணை வையுங்கள். உங்கள் கூண்டுக்கான அளவைச் சொல்ல வேண்டியது உங்கள் கோழிகள்தான். சென்சார் தெருவிளக்கைப் பார்க்காமல், திறந்த வானத்தைப் பார்த்தபடி இருக்கட்டும்.

கரன்ட்டைக் குடிப்பது யார்?

கூண்டு வரைக்கும் 230 வோல்ட் ஒயரை இழுக்காதீர்கள். ஈரம், எலி, இரும்பு வலை மூன்றும் சேரும் இடம் அது. வீட்டுக்குள் 12 வோல்ட் அடாப்டர் வைத்து அங்கிருந்து ஒயர் இழுக்கலாம். அல்லது பேட்டரியும் சோலார் பேனலும் வைக்கலாம்.

பேட்டரி கணக்குப் போடும்போது பலரும் மோட்டாரை நினைத்துப் பயப்படுகிறார்கள். மோட்டார் 1 ஆம்பியர் எடுத்தாலும், காலையும் மாலையும் 20 விநாடி என்றால் ஒரு நாளைக்கு ஆவது சுமார் 0.011 ஆம்பியர்-ஹவர்தான். ஆனால் சும்மா விழித்துக்கொண்டிருக்கும் ஊனோ போர்டு சுமார் 50 மில்லி ஆம்பியர் எடுக்கும். 24 மணி நேரத்துக்கு அது 1.2 ஆம்பியர்-ஹவர். கதவைத் தூக்கும் மோட்டாரைவிட, தூக்கலாமா என்று யோசிக்கும் போர்டு நூறு மடங்கு அதிகமாகக் குடிக்கிறது!

12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியைப் பாதி வரை மட்டும் பயன்படுத்தினால் இது மூன்று நாள்கூட முழுதாக வராது. 10 வாட் பேனல் ஒன்றை சார்ஜ் கன்ட்ரோலரோடு இணைத்தால் வெயில் நாட்களில் கவலையில்லை. வடகிழக்குப் பருவமழையில் நாலு நாள் வெயிலே வராவிட்டால்தான் சிக்கல். அதற்கு, போர்டைத் தூங்க வைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் எழுந்து பார்க்கும்படி கோடு எழுதலாம். ஊனோவுக்குப் பதில் ஆர்டுயினோ ப்ரோ மினி வாங்கி, அதன் பவர் எல்.இ.டி.யை எடுத்துவிட்டால், தூக்கத்தில் 1 மில்லி ஆம்பியருக்கும் கீழே வந்துவிடும். அதே பேட்டரி வாரக்கணக்கில் தாங்கும்.

எல்லா எலெக்ட்ரானிக்ஸையும் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, ஒயர் போகும் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். மழையைவிட எறும்பும் பல்லியும்தான் இதற்கு எமன்.

பழுதானால் எந்த நிலையில் நிற்கும்?

கரன்ட் போகலாம், கயிறு அறுந்து போகலாம், பேட்டரி செத்துப் போகலாம். அப்போது கதவு இரண்டில் ஒரு நிலையில் நிற்கும்.

திறந்தபடி நின்றால், அன்று இரவு கோழிகளுக்குப் பாதுகாப்பு இல்லை. அதனால் ‘பழுதானால் மூடிக்கொள்ள வேண்டும்’ என்று பலரும் நினைப்பார்கள். குளிர் நாடுகளில் அது ஓரளவு சரி. நம்மூரில்? சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட கூண்டு காலை 10 மணிக்கே அடுப்பாகிவிடும். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடல் சூட்டைத் தணிக்கும். காலையில் திறக்காத கதவுக்குப் பின்னால், தண்ணீரும் இல்லாமல் அடைபட்ட கோழிகள் மத்தியானத்துக்குள் செத்துப் போகலாம். மரநாய் ஓர் இரவில் செய்வதை, மூடிய கதவு ஒரு பகலில் செய்துவிடும்.

எனவே இரண்டு பக்கமும் தற்காப்பு வேண்டும்:

• கூண்டுக்கு உள்ளேயும் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். இரண்டு பக்கமாவது காற்றோட்டமான மெஷ் இருக்கட்டும். கூரைக்கு மேல் ஓலையோ நிழலோ வேண்டும். காலையில் கதவு சில மணி நேரம் திறக்காவிட்டாலும் கோழிகள் தாக்குப்பிடிக்க வேண்டும்.

• கையால் திறந்து மூட ஒரு வழி இருக்கட்டும். பக்கத்து வீட்டு அக்காவைப் போனில் அழைத்து, ‘அந்தக் கொக்கியைக் கழற்றிவிடுங்க’ என்று ஒரே வரியில் சொல்ல முடிகிற அளவுக்கு அது எளிதாக இருக்க வேண்டும்.

• போர்டு ரீஸ்டார்ட் ஆனால் முதலில் நேரத்தையும் கதவின் நிலையையும் பார்க்கும்படி கோடு எழுதுங்கள். ‘ஆன் ஆனதும் கதவைத் திற’ என்று எழுதிவிட்டால், நள்ளிரவில் கரன்ட் போய் வரும்போது கதவும் திறக்கும்.

• நிலவரம் உங்களுக்குத் தெரிய வேண்டும். கீழ் ரீட் சுவிட்ச் வேலை செய்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு என்று சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும் ஒரு எல்.இ.டி. போதும். வீட்டு வைஃபை கூண்டு வரை எட்டும் என்றால், ஊனோவுக்குப் பதில் இ.எஸ்.பி. 32 போர்டு போட்டு போனுக்கு மெசேஜ் அனுப்பலாம். அது கரன்ட்டைக் கூடுதலாகக் குடிக்கும் என்பதால் அடாப்டர் இணைப்பு உள்ளவர்களுக்கே வசதி.

மெசேஜில் ஒரு நுணுக்கம். ‘பழுது’ என்று மெசேஜ் வரும்படி மட்டும் வைத்தால், பேட்டரியே செத்துப்போன அன்று எந்த மெசேஜும் வராது. நீங்கள் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வீர்கள். ‘மூடிவிட்டது’ என்று தினமும் மெசேஜ் வரும்படி வையுங்கள். வராத அன்று போன் போட வேண்டும்.

கோழிக்கு முன் பாட்டிலுக்கு

கதவைப் பொருத்தியதும் நேராகக் கோழிகளை நம்பி விட்டுவிடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வாசலில் வைத்து, கதவை இறக்கிப் பாருங்கள். பாட்டில் மேல் இறங்கியதும் கதவு நிற்க வேண்டும்; 35 விநாடியில் மோட்டார் ஓய்ந்து அலாரம் அடிக்க வேண்டும். ஓடும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி செருகிப் பாருங்கள். ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். சேனலில் ஒரு கைப்பிடி உமியைப் போட்டுப் பாருங்கள்.

இவை எல்லாம் தேறிய பிறகும், முதல் பத்து நாள் யாராவது வீட்டில் இருக்கும்போது மட்டும் ஓட்டுவது நல்லது.

கோழிகளுக்கும் பழக்கம் வேண்டும். புதிதாக வாங்கிவந்த கோழிகளை ஒன்றிரண்டு வாரம் கூண்டிலும் வலைக்குள்ளும் மட்டுமே வைத்திருந்தால், அதுதான் வீடு என்று பழகிவிடும். மரத்தில் ஏறி அடையப் பழகியவற்றை மாலையில் கொஞ்சம் தீவனம் காட்டிக் கூண்டுக்குள் அழைக்கலாம். மோட்டார் சத்தத்துக்கு முதல் இரண்டு நாள் மிரளும், அப்புறம் கண்டுகொள்ளாது.

குஞ்சுகளோடு இருக்கும் தாய்க்கோழியைத் தானியங்கிக் கதவை நம்பி விட வேண்டாம். குஞ்சு ஒன்று வெளியே தங்கிவிட்டால் கதவு காத்திருக்காது.

கோடிங்கே தெரியாதே?

வழி இருக்கிறது. உள்ளேயே லிமிட் சுவிட்ச் உள்ள 12 வோல்ட் லீனியர் ஆக்சுவேட்டர் ஒன்று, டிஜிட்டல் டைமர் ஒன்று, மின்னோட்டத்தின் திசையை மாற்றும் ரிலே ஒன்று. டைமர் ‘ஆன்’ ஆனால் கம்பி நீளும், ‘ஆஃப்’ ஆனால் சுருங்கும். கம்பியின் முனையில் கதவு. ஒரு வரி கோடு வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை காலண்டரில் சூரிய அஸ்தமன நேரம் பார்த்து, அதிலிருந்து அரை மணி கூட்டி டைமரை மாற்றினால் போதும்.

குறை இரண்டு. ஆக்சுவேட்டர் தள்ளும் விசை அதிகம். நடுவில் கோழி நின்றால் நிற்காமல் அழுத்தும். அதனால் கம்பியைக் கதவோடு இறுக்கிக் கட்டாமல், கயிறு வழியாக இணைத்துக் கதவு தன் எடையில் இறங்கும்படி செய்ய வேண்டும். இரண்டாவது, கரன்ட் போனால் இதுவும் நின்றுவிடும். பேட்டரி பேக்கப் அவசியம்.

கடைசியாக ஒரு கணக்கு

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது: எண்ணுவது. இருட்டிய பிறகு கோழிகள் பரணில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அசையாது, ஓடாது. எண்ண அரை நிமிடம்கூட ஆகாது. ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் நாலு இருந்தால், ஐந்தாவது பெரும்பாலும் கூண்டைச் சுற்றியோ, கதவுக்கு வெளியே சுருண்டோ, பக்கத்து மரக்கிளையிலோ இருக்கும். இருட்டில் அதற்குக் கண் தெரியாது என்பதால் கையால் தூக்கி உள்ளே விட்டுவிடலாம்.

தானியங்கிக் கதவு உங்களுக்குச் சம்பாதித்துத் தருவது நேரத்தைத்தான். 6.30-க்கு அங்கே இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போகிறது, 8.30-க்கு வந்து எண்ணினாலும் பரவாயில்லை என்றாகிறது. எண்ணவே வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. வெளியூர் போகும் நாட்களில் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுச் சொல்ல வேண்டியதும் இதுதான்: “கதவு தானா மூடிக்கும். நீங்க ஒரு தடவை எண்ணிப் பாத்துட்டா போதும்.”